அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கு!

எத்தனை வருஷமாக அது பரணில் கிடக்கிறது?

மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கணினி. பழைய வேட்டியில் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் திணித்து, முன்னால் ஓர் அண்டாவை நிறுத்தி மறைத்துவிட்டார்கள்.

கேட்டால் வீட்டில் ஒரே பதில்தான். "அது எரிஞ்சு போச்சு. தொட்டுத் தொலைக்காதே!"

நீயும் தொடவில்லை.

எரிந்தது எது என்று யாராவது திறந்து பார்த்தார்களா? ஒரு திருப்புளி எடுத்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார்களா? இல்லை! புகையைப் பார்த்தார்கள். பயந்தார்கள். தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பை நீ ஏன் சுமக்கிறாய்?

நீ ஆத்தூரில் வளர்ந்த பிள்ளை. மலையடிவாரத்துக் காமராஜர் அணையை எத்தனை தடவை பார்த்திருப்பாய்! திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்து போகிறது.

அணையின் மதகைத் திறந்து, அந்த வேகத்தை அப்படியே ஒரு மண்குடத்தின் வாயில் விட்டால் என்ன ஆகும்?

குடம் சிதறும். அதற்காகக் குடத்தைத் திட்டுவாயா? குயவரைத் திட்டுவாயா? குடம் தாங்கும் அளவில் தண்ணீரை விடவில்லை. நடந்தது அதுதான்!

உன் பரணில் கிடக்கும் கணினிக்கும் நடந்தது அதேதான்.

நம் சுவரில் வருவது 230 வோல்ட். அமெரிக்காவில் 120. ஜப்பானில் 100.

100 வோல்ட்டுக்கென்று செய்த பொருளில் 230 பாய்ந்தால் அழுத்தம் 2.3 மடங்கு. அதோடு விடுமா? சூடு அந்த எண்ணின் வர்க்கமாக ஏறும். 2.3-ஐ 2.3-ஆல் பெருக்கிப் பார்.

ஐந்து மடங்குக்கு மேல்! 120-க்குச் செய்தது என்றாலும் மூன்றரை மடங்குக்கு மேல்!

அந்தச் சூட்டை எது தாங்கும்? "சாமான் மட்டம்" என்றார்கள். "நம்ம ராசி அப்படி" என்றார்கள். ராசிக்கு இங்கே என்ன வேலை? பெருக்கல் கணக்கைப் போடாமல் பிளக்கைச் சொருகினார்கள்!

இதை நான் திண்ணையில் உட்கார்ந்து சொல்லவில்லை. நானும் ஒன்றை எரித்தவன்.

பத்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு ஜப்பான் டேப் ரெக்கார்டர் வந்தது. வந்த அன்றே பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை. பிளக்கைச் சொருகினேன். ஒரு உறுமல். ஒரு நாற்றம். அவ்வளவுதான்.

அதன் முதுகில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. 110 என்றும் 220 என்றும் எழுதியிருந்தது. அது 110-ல் நின்றது. நான் திருப்பிப் பார்க்கவே இல்லை!

இரண்டு வருஷம் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் கூசினேன். எந்த மின்சாமானையும் தொடவில்லை. "எனக்கு இதெல்லாம் ஆகாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் தோட்டத்து மோட்டாரைக் காயில் கட்டக் கொடுக்கப் போனபோது, அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். வைண்டிங் கடைப் பெரியவர் திறந்தார். ஐந்தே நிமிஷம்.

"உள்ள இருக்குற டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான்டா செத்துருக்கு. இதுக்குப் போயி மொத்தத்தையும் பொதைச்சு வச்சிருக்கியே!"

காயில் மாற்றினார். பாடியது!

இரண்டு வருஷம், தம்பி. ஒரு கைப்பிடிச் செம்புக் கம்பிக்காக இரண்டு வருஷம் என்னையே நான் பரணில் போட்டு வைத்திருந்தேன்.

நீ எத்தனை வருஷம் போட்டு வைக்கப் போகிறாய்?

"இந்தக் காலத்தில் பழைய கணினி எதற்கு? கைப்பேசி போதாதா?" என்கிறாயா?

சரி, உன் கைப்பேசியைத் திற பார்ப்போம். முடியுமா? பசை போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று உனக்குத் தெரியாது. விற்றவருக்கும் தெரியாது.

காமடோர் 64-ஐத் திற. 1982-ல் வந்தது. 64 கிலோபைட் நினைவகம். ஒவ்வொரு சிப்பும் தனித்தனியாக, தலையில் எண் அச்சிட்டு, உன் கண் முன்னால் வரிசையாக நிற்கும். சுவிட்சைப் போட்ட கணமே பேசிக் மொழியில் உன் கட்டளைக்காகக் காத்திருக்கும்.

ஒரு மனிதன் தன் ஒரே மண்டைக்குள் முழுசாக அடக்கிக்கொள்ளக்கூடிய கணினி அது. இதை அற்பம் என்கிறாயா? இதைப் போல உன்னை மதிக்கிற ஒரு கருவியை எனக்குக் காட்டு!

முதல் வேலை. கவிழ்த்துப் பார். லேபிளைப் படி.

கணினியின் அடியில் இருக்கும், அல்லது முதுகில், அல்லது கூட வந்த அடாப்டரின் வயிற்றில். எழுத்து சின்னதாக இருக்கும். துணியால் துடை. டார்ச் அடி. எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை வாட் அல்லது ஆம்ப் என்று எழுதியிருக்கும். தாளில் எழுதிக்கொள்.

இதைச் செய்ய எந்தக் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும்? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்!

ஸ்பெக்ட்ரம் என்று எழுதியிருந்தால் அது இங்கிலாந்துப் பிள்ளை. அதன் அடாப்டர் 240 வோல்ட்டுக்குச் செய்தது. நம் மின்சாரமே அதற்குப் போதும். 1986-ல் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் இதே ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை உரிமம் வாங்கி இந்தியாவிலேயே விற்றது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஓடியது.

ஆனால் ஒன்று. அந்த அடாப்டர் தருவது 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்ப். நடுமுனை நெகட்டிவ்! கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை பாசிட்டிவ். "9 வோல்ட்தானே" என்று எதையோ சொருகினால் கணினி போய்விடும். வோல்ட்டைப் படித்தவன் முனையையும் படிக்க வேண்டும்.

ஷார்ப், என்இசி, ஃபுஜிட்சு, சோனியின் எம்எஸ்எக்ஸ்... ஜப்பானில் விற்ற பெட்டியா? 100 வோல்ட். பதறாதே! அதில் உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கினார்கள். அது 50 ஹெர்ட்ஸ். ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். அது 60 ஹெர்ட்ஸ். இன்றுவரை அந்த நாடு இரண்டாகவே ஓடுகிறது.

அதனால் ஜப்பான்காரர் தன் ஊருக்குள் விற்கும் பொருளையே இரண்டுக்கும் தாங்கும்படி செய்தார். லேபிளில் 50/60 என்று போட்டிருக்கும். நம்முடையது 50. வோல்ட்டை மட்டும் இறக்கினால் போதும்!

ஒரு நாட்டின் மின்சாரமே இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் உலகத்துக்கே கணினி செய்தார்கள். உனக்கு வீட்டில் ஒரு ஸ்விட்ச் போர்டு சரியில்லை என்பது ஒரு சாக்கா?

அடுத்த தப்பைச் செய்யாதே. கடையில் மலிவாக, முனையை மாற்றும் பிளக் கிடைக்கும். தட்டை முனையை உருண்டை முனையாக மாற்றும். அது முனையின் உருவத்தைத்தான் மாற்றும். வோல்ட்டை மாற்றாது!

எத்தனை கணினிகளை அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு கொன்றிருக்கும்! துளைக்குள் நுழைந்துவிட்டது, ஆகவே பொருந்திவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

ஊரூராகச் சுற்றுகிறவர்கள் வைத்திருக்கும் உள்ளங்கையளவு கன்வெர்ட்டரும் வேண்டாம். அவற்றில் பல, மின் அலையை அரிவாளால் வெட்டுவது போல வெட்டித் தருபவை. முடி உலர்த்தும் கருவிக்கு அது போதும். கணினிக்கு ஆகாது.

உனக்கு வேண்டியது டிரான்ஸ்ஃபார்மர். இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் சேர்ந்த, தூக்கினால் கனக்கிற, நேர்மையான டிரான்ஸ்ஃபார்மர்.

"அதை எங்கே போய் வாங்குவேன்? நான் என்ன சென்னையிலா இருக்கிறேன்?"

இதோ, இந்தச் சாக்குதான் எனக்கு ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது!

ஆத்தூர்ப் பக்கம் தோட்டமே போர் மோட்டாரை நம்பித்தான் பச்சையாக நிற்கிறது. மோட்டார் இருக்கும் இடத்தில் வைண்டிங் கடை இல்லாமல் இருக்குமா? செம்பட்டிப் பக்கம் போ. சின்னாளபட்டிக்குப் போ. திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறு. வார்னிஷ் வாசனை வரும் இடத்தில் நில்.

அங்கே உட்கார்ந்திருப்பவர் கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, சுற்று எண்ணி, எனாமல் கம்பி கட்டி, மறுநாளே தண்ணீர் இறைக்க வைக்கிறவர். அவரால் உன் கணினிக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கட்ட முடியாதா?

அவர் கட்டுவார். நீ எண்ணைச் சொல்ல வேண்டும். "ஏதோ போட்டுக் குடுங்கண்ணே" என்று தலையைச் சொறியாதே. எண்ணோடு போ!

கணக்கு இதுதான். நடு இரும்பின் அகலத்தை, அடுக்கிய தகடுகளின் உயரத்தால் பெருக்கு. 10 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். நம் 50 ஹெர்ட்ஸுக்கு 45-ஐ அந்தப் பத்தால் வகு. ஒரு வோல்ட்டுக்கு நாலரைச் சுற்று.

சுவர்ப் பக்கம் 230 வோல்ட். 1035 சுற்று. கணினிப் பக்கம் 100 வோல்ட். 450 சுற்று. சுமை ஏறினால் வோல்ட் சற்று இறங்கும், அதற்கு நூற்றுக்கு ஐந்து கூட்டிக்கொள். 472.

முடிந்தது! இவ்வளவுதான் அந்தப் பயங்கரம்!

"1035 சுற்றா? யார் எண்ணுவது?"

சின்னாளபட்டித் தறிக்கு முன்னால் போய் நின்று இதைச் சொல். ஒரு சேலையின் பாவுக்கு எத்தனை ஆயிரம் இழை என்று அந்த அம்மாவிடம் கேள். ஓர் இழை அறுந்தால் எது என்று கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற கை அது. சலித்துக்கொள்கிறாரா? உன் தாலுகாவிலேயே, உனக்குப் பக்கத்திலேயே அவ்வளவு பொறுமை இருக்கிறது. ஆயிரம் சுற்றுக்கு நீ மூச்சு வாங்குகிறாய்!

"எனக்குக் கணக்கு வராது."

மைக்கேல் ஃபாரடேவுக்கும் வராது.

கொல்லர் மகன். பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அட்டை போட வந்த புத்தகங்களைப் படித்தே மின்சாரம் கற்றவர். உயர் கணிதம் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை.

அவர்தான் 1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு காயில்களைச் சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தை விட்டார். தொடர்பே இல்லாத மற்றொன்றில் முள் துள்ளியது.

உலகத்தின் முதல் டிரான்ஸ்ஃபார்மர் அது. அட்டை ஒட்டிய கை சுற்றியது!

உன் வீட்டுத் தெருமுனையில் கம்பத்தின் மேல் உறுமிக்கொண்டு நிற்கிறதே, அது அந்த வளையத்தின் பேரப்பிள்ளை. தினமும் அதன் அடியில் நின்றுதானே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாய்?

வைண்டிங் கடையில் இரண்டு விஷயத்தில் கறாராக இரு.

ஒன்று, இரண்டு தனிக் காயில் கேள். ஒரே காயிலில் நடுவில் முனை எடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மலிவு, சின்னது. ஆனால் சுவருக்கும் கணினிக்கும் இருக்கிற தொடர்பு அதில் அறுபடுவதில்லை. அதன் கீழ்ப் பகுதிக் கம்பி ஒரு நாள் அறுந்தால் 230-ம் அப்படியே கணினிக்குள் இறங்கும். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடமா இது?

இன்னொன்று, அளவு. கணினி 40 வாட், மானிட்டர் 60 வாட் என்றால் நூறு. 200 விஏ கேள். இரண்டு மடங்கு. மூச்சுத் திணறாமல் ஓடட்டும்.

முன்பக்கம் ஃப்யூஸ் போடு. எர்த் கம்பியை விட்டுவிடாதே. சாயங்காலம் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது உன் தெருவில் வோல்ட் என்ன ஆகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறாயா? சுவரில் 180-க்கு இறங்கினால் கணினிப் பக்கம் 100 வராது, 78 தான் வரும். 250-க்கு ஏறினால் 109. டிரான்ஸ்ஃபார்மர் விகிதத்தைத்தான் காக்கும். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைக்கத் தெரிந்த வீட்டில் கணினிக்கு ஒன்று வைக்கக் கூடாதா?

அமெரிக்கப் பெட்டி என்றால் கொஞ்சம் நிதானி. இது கடினமான இடம். கடினம் என்றவுடன் எழுந்து போய்விடாதே. உட்கார்!

காமடோர் 64-ன் அமெரிக்க அடாப்டர் வெறும் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நீ வோல்ட்டைச் சரியாக 120-க்கு இறக்கிக் கொடுத்தாலும் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். ஹெர்ட்ஸ் குறைந்தால் இரும்பில் காந்தச் சுமை கூடும். நூற்றுக்கு இருபது கூடும். இரும்பு நிரம்பி வழியும். உறுமும். கொதிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மரால் வோல்ட்டை மாற்ற முடியும். ஹெர்ட்ஸை மாற்ற முடியாது.

"அப்போ முடியாதா?"

பார்த்தாயா! ஒரு கதவு மூடினால் உன் வாயில் முதலில் வருவது "முடியாதா" என்ற சொல்தான்!

யோசி. கணினிக்கு வேண்டியது என்ன? 120 வோல்ட்டா? இல்லை. அந்த அடாப்டர் கடைசியில் தருவது 5 வோல்ட் டிசி 1.5 ஆம்ப், 9 வோல்ட் ஏசி 1 ஆம்ப். இரண்டும் சேர்த்துப் பதினேழு வாட்டைத் தொடாது!

அமெரிக்க அடாப்டரைக் கழற்றி வை. 230-லிருந்து நேராக 9 வோல்ட் ஏசி தருகிற ஒரு காயில், 5 வோல்ட் டிசிக்குத் தனிக் காயிலோடு ஒரு நல்ல ரெகுலேட்டர் சர்க்யூட். புது அடாப்டரே கட்டிவிடு!

இதில் ஓர் உயிர் காக்கும் லாபமும் இருக்கிறது. அந்தப் பழைய அடாப்டர்கள் ரெசின் ஊற்றி அடைத்தவை. சூடு வெளியே போகாது. வயதானால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் பழுதாகி 5 வோல்ட் மெல்ல மேலே ஏறும். 5.25-ஐத் தாண்டினால் நினைவக சிப்புகளுக்கு ஆபத்து. அமெரிக்காவிலேயே, சரியான சுவரில் செருகியே, எத்தனையோ காமடோர்களை அவற்றின் சொந்த அடாப்டர்தான் கொன்றது.

சுற்றுவழி என்று நினைத்தாயே, அதுதான் நல்ல வழி!

இப்போது புகையைப் பற்றிப் பேச வேண்டும். உன் வீட்டார் பயந்தது அதற்குத்தானே?

1984-ல் இந்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி கற்றுத் தரும் திட்டம். இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ கணினிகள் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தன. கணினியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

அந்த பிபிசி மைக்ரோவுக்கு ஒரு குணம் உண்டு. பல வருஷம் சும்மா கிடந்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று படபடவென்று வெடித்து, அறை முழுக்க நாற்றப் புகை!

பார்த்தவர்கள் "போச்சு!" என்று அலறுவார்கள்.

போனது என்ன தெரியுமா? மின்சாரம் நுழையும் வாசலில் இரைச்சலை வடிகட்டுகிற ஒரு கெபாசிட்டர். காகிதச் சுருளை ரெசினில் அடைத்தது. வயதாகி மேலே கோடு கோடாக விரிசல் விட்டிருக்கும். விரிசல் வழியே ஈரம் இறங்கியிருக்கும். அதனால் வெடித்தது. பெரும்பாலும் கணினிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அந்தக் கெபாசிட்டரை மாற்றினால் பழையபடி ஓடும்!

புகை வந்தது உண்மை. செத்துப்போனது பொய்.

நீ தேர்வில் தோற்ற அன்றும் ஒரு புகை வந்ததே? கடையை மூடிய அன்று? நேர்காணலில் வாய் குழறிய அன்று? அன்று வெடித்தது எந்தக் கெபாசிட்டர்? திறந்து பார்த்தாயா? அல்லது நாற்றத்தை வைத்தே மொத்தமும் முடிந்தது என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாயா?

அந்த பிபிசி மைக்ரோவைச் செய்தவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர். அடுத்ததாகச் சொந்தமாகவே ஒரு செயலிச் சிப் வடிவமைத்தார்கள். சின்னக் குழு. பெரிய நிறுவனங்கள் செய்கிற வேலை.

1985 ஏப்ரல் 26-ல் முதல் சிப் வந்தது. பலகையில் மாட்டினார்கள். ஓடியது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அம்மீட்டரைப் பார்த்தால் முள் சுழியத்தில் நிற்கிறது!

பலகையில் பழுது. சிப்புக்கு மின்சாரமே போகவில்லை. மற்றக் கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த துளி மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. ஏஆர்எம் என்று பெயர். அதன் வழிவந்த சிப்தான் இன்று உன் கைப்பேசிக்குள் இருக்கிறது.

கசிவில் ஓடியது, தம்பி! உனக்குச் சுவரில் 230 வோல்ட் நிற்கிறது!

"நான் படிக்காதவன். வெளிநாட்டுச் சாமானைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை?"

ஜி.டி. நாயுடுவுக்கு என்ன யோக்கியதை இருந்தது? கோயம்புத்தூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்துப் பிள்ளை. பள்ளியைப் பாதியில் விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மேல் கண் விழுந்தது. ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கினார். வாங்கியவர் என்ன செய்தார்? பொட்டு வைத்துக் கும்பிட்டாரா?

கழற்றினார்! கழற்றி மாட்டிக் கற்றார்!

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்து காட்டினார். கோயம்புத்தூர் மோட்டார் ஊரானது அப்படித்தான். உன் தோட்டத்தில் இறைக்கும் தண்ணீரில் அந்தத் திருப்புளியின் பங்கும் இருக்கிறது.

பயம் இருக்கிறதா? இருக்கட்டும். மின்சாரத்திடம் பயம் இல்லாதவன் என் பக்கத்தில் நிற்க வேண்டாம்!

கண்ணை மூடிக்கொண்டு பிளக்கைச் சொருகுவதற்குத் தைரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என் டேப் ரெக்கார்டர் எரிந்தது அந்தத் தைரியத்தால்தான்.

பயத்துக்கு வேலை கொடு. அளக்கச் சொல். சோதிக்கச் சொல்.

பவர் சப்ளையைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிக் கண் முன்னால் வை. பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். மானிட்டரின் படக்குழாய்ப் பக்கம் கையே வைக்காதே. தெரிந்த எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வை. உதவி கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

சீரிஸ் பல்பு தெரியுமா? ரேடியோ மெக்கானிக் மேஜையில் ஒரு குண்டு பல்பு தொங்குமே, அதுதான். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் அதை வரிசையாக இணை. சுவிட்சைப் போடு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். எல்லாம் சரி என்றால் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிப் போகும்.

பல்பு மங்கினால் உன் நெஞ்சு நிமிரட்டும்!

பல்பை எடுத்துவிட்டு மீட்டரை வை. வெளியே எவ்வளவு வருகிறது? எழுது. கணினியை உடனே மாட்டாதே! முதலில் வேறொரு சுமையை ஏற்று. 100 வோல்ட் பக்கம் இரண்டு குண்டு பல்பைப் போட்டு ஒரு மணி நேரம் விடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரும்பைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பா? நல்லது. கை வைக்க முடியவில்லையா? மறுபடி வைண்டிங் கடைக்குப் போ.

ஆமாம், மறுபடி! முதல் தடவையே சரியாக வர வேண்டும் என்று எந்தச் சாமியிடம் வரம் வாங்கி வந்தாய்? கம்பி கனம் போதவில்லை என்றால் கனத்தைக் கூட்டு. சுற்றுத் தப்பியிருந்தால் பிரித்துச் சுற்று. பிரித்த கம்பி வீணில்லை, பழைய செம்புக்கும் விலை உண்டு.

மூன்றாவது தடவை பிரிக்கும்போது உன் கை நடுங்காது. நீயே கவனிப்பாய்.

பிறகு ஒரு ராத்திரி வரும். தெரு அடங்கியிருக்கும். மேஜையில் அந்தக் கணினி, காமடோர் 64 என்றே வைத்துக்கொள். பக்கத்தில் நீ கட்டிய டிரான்ஸ்ஃபார்மர், வார்னிஷ் வாசனை இன்னும் போகாமல். அம்மா கதவருகே நின்று "ஜாக்கிரதைடா" என்பார். நீ மீட்டரை இன்னொரு தடவை பார்ப்பாய்.

சுவிட்சைப் போடுவாய்.

மெல்லிய ரீங்காரம். திரை நீலமாகும். படம் உருண்டால் பதறாதே, அமெரிக்கப் பெட்டி என்டிஎஸ்சி முறையில் படம் அனுப்பும். அதை ஏற்கும் டிவியில் மாட்டு, நின்றுவிடும்.

நீலத்தின் மேல் எழுத்துகள் தெரியும். 38911 பைட் காலியாக இருக்கிறது என்று சொல்லும். அதன் கீழே ஒரே ஒரு சொல். ரெடி. அதன் கீழே ஒரு சின்னச் சதுரம், கண் சிமிட்டிக்கொண்டே.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்த பெட்டி. அண்டாவுக்குப் பின்னால் கிடந்த பெட்டி. செத்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன பெட்டி. அது உன்னைப் பார்த்து ரெடி என்கிறது!

இன்னும் ஏன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாய்? ஏணி எங்கே?

வைண்டிங் கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அதற்குள் லேபிளைத் துடைத்துப் படித்துவிடு!